நுனி கருகிய மிளகாய்: பினாங்கில் ஒரு தோட்டமும் செல்சுவர் சொன்ன காரணமும்

பின்னணி

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபால் பக்கம் உள்ள ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், நடந்தது இது. பழைய ரப்பர் தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒன்று, தாயும் இரண்டு மகன்களும் கொண்ட வீடு. மூத்தவர் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கால் ஏக்கரில் மிளகாய் போட்டார். இளையவர் இன்னும் ஷிப்டு வேலைக்குப் போகிறார். ஓய்வு நாளில் அண்ணனுக்குத் துணை. மூத்தவர் இடைநிலைப் பள்ளியில் என்னிடம் உயிரியல் படித்தவர். அந்த உறவில்தான் நான் இதற்குள் வந்தேன். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன்; பெயர்களையும் கம்பத்தின் பெயரையும் விட்டுவிட்டேன்.

பயிர், குலாய் என்ற மிளகாய் வகை. முறை, மலேசியாவில் மிளகாய் போடுகிறவர்கள் பலரும் பின்பற்றும் ஃபெர்டிகேஷன்: தேங்காய்நார்த் தூள் நிரப்பிய 600 பாலித்தீன் பைகள், பைக்கு ஒரு செடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுக்குழாய். உரம் தண்ணீரில் கரைந்தே போகும். அடர்கரைசலை இரண்டு நீலப் பீப்பாய்களில் வைத்திருப்பார்கள். 'ஏ' பீப்பாயில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்புச் சத்தும். 'பி' பீப்பாயில் பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட், மக்னீசியம் சல்பேட், நுண்சத்துகள். இரண்டிலிருந்தும் சம அளவு எடுத்துப் பெரிய தொட்டித் தண்ணீரில் தனித்தனியே ஊற்றிக் கலக்குவார்கள். இந்த இரண்டு பீப்பாய்களில்தான் கதையே இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேர எனக்கு நாள் பிடித்தது.

நாற்றுப் பருவம்

அக்டோபர் கடைசியில் விதை போட்டார்கள். மழைக்காலம் என்பதால் நாற்றுத் தட்டுகளைத் துத்தநாகக் கூரை போட்ட தாழ்வாரத்தில் வைத்திருந்தார்கள். மூன்று வாரத்தில் நாற்றுகள் நூலாக நீண்டு, வெளிறி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகிடந்தன. மூத்தவர் படம் அனுப்பிக் கேட்டபோது, “இருட்டு தம்பி, வெயில்ல வை” என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டேன். வைத்தார். தேறாத எழுபது நாற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக விதைத்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் மற்றவை பைக்கு மாறின.

பதில் சரிதான். ஆனால் அன்றே உட்கார்ந்து விளக்கியிருந்தால், பின்னால் நடந்ததை அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. வெளிச்சம் குறைந்த செடி, ஒளியைத் தேடித் தண்டை நீட்டுகிறது. நீட்டுவதென்றால் புதுப்புது செல்களை அடுக்கிக்கொண்டே போவது மட்டுமல்ல. இருக்கிற செல்லே பல மடங்கு நீள்கிறது. ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி செல்லைத் தூண்ட, செல் தன் சுவருக்குள் அமிலத்தை வெளியேற்றுகிறது. அமிலத்தில் விழித்தெழும் ஒரு புரதம் சுவரின் இழைகளை ஒன்றைவிட்டு ஒன்று நழுவ விடுகிறது. எக்ஸ்பான்சின் என்ற இந்தப் புரதத்தை 1992இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெள்ளரி நாற்றிலிருந்து பிரித்தெடுத்தார்கள். சுவர் தளர்ந்ததும் உள்ளே இருக்கும் நீரழுத்தம் செல்லைத் தள்ளி நீட்டுகிறது. தாழ்வாரத்து நாற்றுகளில் தளர்வதும் நீள்வதும் மட்டும் ஓடின. தடிப்பதற்கும் கடினப்படுவதற்கும் செடிக்கு மிச்சமில்லை. அதனால்தான் சாய்ந்தன.

முதல் அறிகுறியும் என் தவறும்

ஜனவரியில் பூத்து, காய் பிடித்தது. தைப்பூசத்துக்கு மறுவாரம் வரை எல்லாம் நன்றாக இருந்தது. தைப்பூசத்துக்குப் பதினைந்து நாள் கழித்து, பச்சைக் காய்களில் பழுப்புத் திட்டு தெரிகிறது என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. காயின் கீழ்ப் பாதியில் குழிந்த, வெளிர்பழுப்பு நிறத் திட்டு. மலேசியாவில் மிளகாய் போடுகிறவர்களுக்குக் குழிந்த திட்டு என்றால் முதலில் ஞாபகம் வருவது ஆந்திராக்னோஸ் என்ற பூஞ்சை நோய். ஒரு முழு அறுவடையையும் அது தின்றுவிடும். எனக்கும் அதுதான் ஞாபகம் வந்தது. படத்தை மட்டும் பார்த்து, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

பூஞ்சைக்கொல்லி வாங்க 180 வெள்ளி (ரிங்கிட்) செலவழித்து இரண்டு முறை தெளித்தார்கள். மருந்து விற்ற இடத்தில், இலைக்கு அடிக்கும் கால்சியம் கரைசலையும் சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறார்கள், அதையும் தெளித்தார்கள். பத்து நாள் போனது. திட்டு குறையவில்லை, கூடியது. மூத்தவர் தொலைபேசியில், “டீச்சர், மருந்து அடிச்ச பிறகுதான் இன்னும் மோசமா இருக்கு” என்றார். அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை, களைப்புதான் இருந்தது. மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனேன்.

நேரில் கண்டது

மார்ச் முதல் வாரம். வெயில் கொளுத்துகிற நாள்கள். 1, 5, 10ஆம் வரிசைகளில் நடந்து 200 காய்களைத் தொட்டுப் பார்த்தேன். 58 காய்களில் திட்டு.

ஒரு காயைப் பறித்துக் கையில் வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளப் பச்சைக் காய், இன்னும் பழுக்கத் தொடங்கவில்லை. நுனிக்கு ஒரு விரல் மேலே ஒரு பக்கமாகத் திட்டு. தோல் கிழியவில்லை, காய்ந்த வெங்காயத் தோல் போல மெலிந்து உள்ளே அமுங்கியிருந்தது. கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். திட்டுக்கு நேர் உள்ளே சதை தேன் நிறத்தில் சரிந்திருந்தது. அதற்கு ஒரு சென்டிமீட்டர் மேலே சதை கெட்டியாக, பளபளவென்று, ஒரு குறையுமில்லாமல் இருந்தது. பத்து மடங்கு காட்டும் கைலென்ஸில் திட்டைப் பார்த்தேன். ஆந்திராக்னோஸ் என்றால் பெரும்பாலும் வளையம் வளையமாக இருக்கும், கரும்புள்ளிகள் இருக்கும், ஈரத்தில் இளஞ்சிவப்பாக வித்துக் கசிவு தெரியும். பழுக்கிற காயில்தான் அது பலமாக வரும். இங்கே ஒன்றுமில்லை. வெயில் சுட்ட தழும்பாகவும் இருக்க முடியாது. இலை நிழலுக்குள் தொங்கிய காயிலும் திட்டு இருந்தது.

உறுதிப்படுத்திக்கொள்ள, 12 காய்களை ஈரக் காகிதம் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தபோது மூன்றில் மட்டும் கருமையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதுவும் செத்த சதையில் பிறகு குடியேறிய பூஞ்சைதான். மற்ற ஒன்பதிலும் எதுவும் முளைக்கவில்லை. இது தொற்று நோய் அல்ல, வளர்ச்சிக் கோளாறு. தக்காளி போடுகிறவர்கள் நுனியழுகல் என்பார்கள். தக்காளியில் அதிகம் பேசப்படுவது, மிளகாயிலும் வரும்.

நுனியழுகல் என்றால் கால்சியத்தை நினைக்க வேண்டும். கால்சியம் நைட்ரேட்டைத் தவறாமல் போடுகிறார்கள், பிறகு எப்படிக் குறையும்? அங்கேதான் குழம்பினேன். தொட்டித் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்துதிறனை, அவர்கள் ஈ.சி. என்று சொல்வதை, அளந்தேன்: 2.3. அவர்கள் வைத்திருந்த இலக்கு 2.2. குறை சொல்ல இடமில்லை. பையின் அடியில் வடியும் தண்ணீரை அளந்தால் 4.1. வேருக்குப் பக்கத்தில் உப்பு மண்டிக்கிடக்கிறது என்று அர்த்தம்.

பிறகு சொட்டுக்குழாயின் முனையைப் பார்த்தேன். வாய் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. அடுத்த பையிலும் அதேதான். சில முனைகள் பாதி அடைபட்டிருந்தன. பீப்பாய் எங்கே என்று கேட்டேன். கொட்டகையில் ஒரே ஒரு பீப்பாய்தான் இருந்தது. கம்பை விட்டுத் துழாவினால் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைச் சேறு.

தைப்பூசத்துக்கு முந்திய வாரம் 'ஏ' பீப்பாய் வெடித்து ஒழுகியிருக்கிறது. அண்ணன் தண்ணீர்ப் பந்தல் வேலையில் மூன்று நாள் ஜார்ஜ்டவுனிலேயே இருந்தார். இளையவர் இரவு ஷிப்டு முடித்து வந்து, உரம் வீணாகக் கூடாதே என்று மிச்சமிருந்ததை 'பி' பீப்பாயிலேயே ஊற்றிவிட்டார். ஒரே பீப்பாயில் வேலை சுலபமாக இருந்ததால் அடுத்த முறையும் அதிலேயே இரண்டையும் சேர்த்துக் கரைத்தார். “ரெண்டும் கடைசியில ஒரே தொட்டிக்குத்தானே டீச்சர் போவுது” என்றார். நியாயமான கேள்வி. அவரைத் திட்டிப் பயனில்லை. இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

மீதமிருந்த 'ஏ' உரத்தையும் 'பி' உரத்தையும் தனித்தனி கண்ணாடித் தம்ளரில் கெட்டியாகக் கரைத்தோம். இரண்டும் தெளிந்த தண்ணீராக இருந்தன. ஒன்றை மற்றதில் ஊற்றச் சொன்னேன். ஊற்ற ஊற்றவே கரைசல் பாலாக மாறியது. சற்று நேரத்தில் அடியில் வெள்ளை படிந்தது. கால்சியம் சல்பேட்டும் கால்சியம் பாஸ்பேட்டும். முதலாவது ஜிப்சம், வகுப்பறையில் நான் முப்பது வருடம் கையில் பிடித்த சாக்குக்கட்டி பெரும்பாலும் அந்தப் பொருள்தான். தொட்டியில் நிறைய தண்ணீரோடு சேரும்போது இரண்டும் கரைந்தே இருக்கும். அடர்கரைசலாகச் சேரும்போதுதான் இப்படிப் படிந்துவிடும். இளையவர் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈ.சி. மீட்டர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அது மொத்த உப்பை அளக்குமே தவிர, எந்த உப்பு என்று சொல்லாது. கால்சியம் அடியில் படிந்ததால் அளவு முதலில் இறங்கியிருக்கிறது. அதை 2.2க்குக் கொண்டுவர, மேலிருந்த கரைசலை இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். அதில் இருந்ததோ பெரும்பாலும் பொட்டாசியமும் மக்னீசியமும். வேரில் கால்சியம் நுழைவதற்குப் போட்டியாக நிற்பவை இவை இரண்டும்தான். குறைந்ததைச் சரிக்கட்டப் போய், இன்னும் குறைத்துவிட்டார்கள்.

போதாக்குறைக்கு, இந்தப் போகத்துக்கு மலிவாகக் கிடைத்த தேங்காய்நார்த் தூளை ஊறவைத்துக் கழுவாமலே நிரப்பியிருந்தார்கள். கழுவாத தூள் தன்னிடமுள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் விட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

காய்க்குள் என்ன நடந்தது

மதியம் சமையலறையில் உட்கார்ந்து இதைப் பேசினோம். அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், சம்பலுக்குக் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு தண்டை வாங்கி, ஒரு முனையிலிருந்து கத்தியால் நான்காகக் கீறினேன். கீறிய நான்கு பட்டைகளும் உடனே வெளிப்பக்கமாக விரிந்தன. ஒரு துண்டைச் சாதாரணத் தண்ணீரிலும், இன்னொன்றை உப்புக் கரைத்த தண்ணீரிலும் போட்டேன். சோறு வேகிற நேரத்துக்குள், சாதாரணத் தண்ணீரில் இருந்தது கடிகாரச் சுருள்வில் மாதிரி இறுகச் சுருண்டுவிட்டது. உப்புத் தண்ணீரில் இருந்தது துவண்டு, சுருளெல்லாம் போய்ச் சப்பென்று கிடந்தது.

தண்டின் உட்பக்கச் செல்கள் தண்ணீரைக் குடித்து உப்பத் துடிக்கின்றன. வெளித்தோலின் செல்சுவர்கள் தடித்தவை. நீளவிடாமல் இழுத்துப் பிடிக்கின்றன. இந்த இழுபறியில்தான் எலும்பில்லாத தண்டு நிமிர்ந்து நிற்கிறது. கீறியதும் பிடி விட்டுப்போகிறது. உட்பக்கம் நீள்கிறது, தோல் பக்கம் சுருங்குகிறது. உப்பு, செல்லிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிட்டதால் உப்பவும் ஆளில்லை, இழுக்கவும் வேலையில்லை.

ஒரு செடிச் செல்லுக்குள் உள்ள நீரழுத்தம் பொதுவாக 0.3 முதல் 1 மெகாபாஸ்கல் வரை இருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 0.2தான். டயரைவிடப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கி நிற்கிற வளரும் செல்லின் சுவர், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. வெடிக்காமல் தாங்கவும் வேண்டும், வளர்வதற்கு விட்டுக்கொடுக்கவும் வேண்டும். எவ்வளவு அழுத்தம் ஏறினால் சுவர் விட்டுக்கொடுக்கும், எவ்வளவு வேகத்தில் விட்டுக்கொடுக்கும் என்பதை வைத்துத்தான் 1965இல் லாக்ஹார்ட் என்ற தாவர ஆய்வாளர் செல் வளர்ச்சிக்குச் சமன்பாடு எழுதினார். தள்ளுவது தண்ணீர், எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு என்று தீர்மானிப்பது சுவர்.

1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டு 'செல்' என்று பெயரிட்டது, உள்ளே உயிர் போன வெறும் சுவர்களைத்தான். சுவர் என்றால் செத்த பெட்டி என்றே நானும் படித்தேன். சில வருடங்கள் அப்படியே கற்பித்தும் விட்டேன். அது சரியில்லை. விலங்குச் செல் நகர்ந்து போய் வேறிடத்தில் உட்காரும். செடிச் செல் பிறந்த இடத்திலேயே பக்கத்துச் செல்லோடு பெக்டின் என்ற பசையால் ஒட்டிக்கிடக்கிறது. ஆகவே ஒரு செடி நீளமா குட்டையா, காய் உருண்டையா ஒல்லியா என்பதெல்லாம் எந்தச் சுவர் எந்தப் பக்கம் நெகிழ்கிறது என்பதைப் பொறுத்தது. சுவரில் செல்லுலோஸ் இழைகள் செல்லைச் சுற்றிப் பீப்பாய்க்கு வளையம் போட்டாற்போல ஓடினால், செல் பருக்க முடியாது, நீளத்தான் முடியும். இழைகளை இந்தத் திசையில் நெய்யச் செல்லுக்குள் ஏதோ நுண்ணிய குழல்கள் வழிகாட்ட வேண்டும் என்று பால் கிரீன் என்ற தாவர ஆய்வாளர் 1962இல் ஊகித்தார். அந்த நுண்குழல்களை மறுவருடம்தான் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செல்லுலோஸ் நெய்யும் நொதி அந்தக் குழல் தடத்தில் ஊர்ந்து போவதை உயிருள்ள செல்லிலேயே 2006இல் காட்டினார்கள். தண்டின் உச்சியில் அடுத்த இலையோ பூவோ எங்கே மொட்டுவிடும் என்பதில்கூட, அந்த இடத்துச் சுவரின் பெக்டின் மாறி இளகுவதற்குப் பங்கிருக்கிறது.

இழைகளுக்கு நடுவே கூழாக நிரம்பியிருப்பது பெக்டின். இரண்டு பெக்டின் சங்கிலிகளுக்கு நடுவே கால்சியம் உட்கார்ந்து அவற்றைப் பூட்டிவிடும். முட்டை அடுக்கும் அட்டையில் முட்டை உட்காருவது போல என்று 1973இல் இதற்கு ஒரு மாதிரி சொன்னார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அக்கா குறுக்கிட்டார். “பப்பாளி ஜெருக் போடறப்ப சுண்ணாம்புத் தண்ணியில ஊற வெப்பேனே, துண்டு குழையாம கடுக்குன்னு இருக்குமே. அதுவா?” அதேதான். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீரில் கால்சியம் இருக்கிறது. அது பப்பாளித் துண்டின் பெக்டினைப் பூட்டிவிடுகிறது. நான் ஒரு மணி நேரமாகச் சுற்றி வந்ததை அவர் ஒரு ஜாடி ஊறுகாயில் கொண்டுவந்து வைத்தார்.

“அப்ப பைக்குப் பைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு தூவிடலாமா?” என்று மூத்தவர் கேட்டார். கூடாது. சுண்ணாம்பு வேர்ப்பகுதியின் காரத்தன்மையை ஏற்றிவிடும்; இரும்பு போன்ற சத்துகள் செடிக்குக் கிடைக்காமல் போகும். அதோடு, பறித்த துண்டை ஊறவைப்பதுபோல வளரும் காயை வெளியிலிருந்து ஊறவைக்க முடியாது. கால்சியம் காய்க்குப் போகிற வழி ஒன்றுதான். வேரிலிருந்து சைலம் குழாய் வழியே தண்ணீரோடு ஏறிப் போக வேண்டும். இலையிலிருந்து காய்க்குச் சர்க்கரை போகும் புளோயம் வழியில் கால்சியம் அநேகமாகப் போகாது. இலையில் அடித்த கால்சியம் இலையிலேயே நின்றுவிட்டது அதனால்தான்.

தண்ணீர் எங்கே அதிகம் ஆவியாகிறதோ அங்கேதான் அதிகம் ஓடும். பகல் வெயிலில் இலைகள்தான் இழுக்கின்றன; மெழுகுத் தோல் போர்த்திய காய் அவ்வளவு இழுப்பதில்லை. காயிலும் காம்புப் பக்கத்துக்கு முதலில் கிடைக்கிறது; நுனி கடைசி. இரவில் இலைகளின் இழுப்பு அடங்கிய பிறகு வேரழுத்தத்தால் தண்ணீர் மேலே தள்ளப்படும்போது காய்க்கும் ஒரு பங்கு சேரும். ஆனால் பையில் ஈ.சி. 4.1 இருந்தால், உப்புத் தண்ணீரில் போட்ட கங்கோங் நிலைமைதான் வேருக்கு. இரவில் தள்ளுவதற்கு அழுத்தம் எங்கிருந்து வரும்?

காய் பிடித்த முதல் இரண்டு மூன்று வாரம் செல்கள் மிக வேகமாக உப்பும் காலம். அந்த நேரத்தில் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. சுவரைப் பூட்டவும் போதவில்லை, செல் சவ்வைக் கட்டிக்காக்கவும் போதவில்லை. செல்கள் கசிந்து சரிந்தன. நாங்கள் திட்டாகப் பார்த்தது அந்தச் சரிவைத்தான்.

சுவருக்குப் பசை போதவில்லை என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது எளிது, ஆனால் முழுமையல்ல. 2012இல் வெளிவந்த ஒரு தக்காளி ஆய்வில், பெக்டினில் கால்சியம் ஒட்டும் இடங்களைத் திறந்துவிடும் நொதியைக் குறைத்தபோது நுனியழுகல் குறைந்தது. சுவர் அளவுக்குமேல் கால்சியத்தை இழுத்து வைத்துக்கொண்டால் சவ்வுக்கு மிஞ்சுவதில்லை என்பது அதன் விளக்கம். கால்சியம் எவ்வளவு வருகிறது என்பதோடு, சுவர் அதில் எவ்வளவைப் பிடித்துக்கொள்கிறது என்பதும் கணக்கில் சேர்கிறது.

எடுத்த முடிவுகள்

அன்று மாலையே பூஞ்சைக்கொல்லியை நிறுத்தினோம். திட்டு விழுந்த காய்கள் எல்லாவற்றையும் பறித்து அகற்றினோம். சரிந்த செல் மறுபடி எழாது, அந்தக் காய் செடிக்குச் சுமைதான். மூத்தவருக்கு இதைச் செய்ய மனம் வரவில்லை. திட்டை வெட்டிவிட்டு அரைத்து விற்கலாமே என்றார். கருமைப் பூஞ்சை ஏறியது எது, ஏறாதது எது என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க முடியாது என்பதால் வேண்டாமென்றேன். இரண்டு கூடை நிறையக் குழிக்குள் போனது. அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் புதுப் பீப்பாய் வாங்கினார்கள். பழைய கரைசலைக் கொட்டிக் கழுவி, 'ஏ' தனி, 'பி' தனி என்று ஆக்கினோம். அடைபட்ட சொட்டுமுனைகளை இளையவர் இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினார். பைகளில் வெறும் தண்ணீர் விட்டு, வடிநீரின் ஈ.சி. 2க்குக் கீழே இறங்கும்வரை அலசினோம். பிறகு புதுக் கரைசலை 1.8இல் தொடங்கினோம், கொளுத்தும் வெயிலில் செடிக்குத் தண்ணீர்தான் அதிகம் வேண்டும், உப்பு அல்ல.

நீர் விடும் நேரத்தையும் மாற்றினோம். முன்பு ஒரு நாளைக்கு மூன்று முறை நிறைய விட்டார்கள். நடுவில் பை காய்ந்து, மறுபடி நனையும். அதை ஆறு முறை, கொஞ்சம் கொஞ்சமாக என்று டைமரில் வைத்தோம். கடைசி முறை பொழுது சாய்ந்த பிறகு. இரவில் வேர் தள்ளுவதற்கு ஈரம் இருக்க வேண்டும் என்பதற்காக.

நிழல்வலை போடுவது பற்றிப் பேச்சு வந்தது. இலையின் இழுப்பைக் குறைக்கும், காய்க்குப் பங்கு கூடும் என்று மூத்தவர் சரியாகவே யோசித்தார். ஆனால் நாற்றுப் பருவத்தில் நிழல் என்ன செய்தது என்று பார்த்திருக்கிறோம், பூவும் குறையும், வலைக்கும் தூண்களுக்கும் பணமில்லை. வேண்டாமென்று முடிவு செய்தோம்.

பின்பு நடந்தவை

முதல் பத்து நாள் எதுவும் மாறவில்லை. பறித்த இடத்தில் இருந்த பிஞ்சுகளிலும் திட்டு வந்தது. இளையவர் மனம் தளர்ந்தார். அந்தப் பிஞ்சுகள் பழைய கரைசல் ஓடிய நாள்களில் பிடித்தவை என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

மார்ச் கடைசியில் பிடித்த காய்கள் சுத்தமாக இருந்தன. ஏப்ரல் நடுவில், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள், மறுபடி அதே மூன்று வரிசைகளில் 200 காய்களை எண்ணினேன். திட்டு 7இல்தான். வடிநீர் ஈ.சி. 2.4. அன்று பறித்த காயை ஒடித்தால் சத்தம் கேட்டது. பத்து கிலோ புத்தாண்டுச் சமையலுக்காகக் கோயிலுக்குப் போனது. மீதியைப் பட்டர்வொர்த் பாசாரில் வழக்கமாக எடுக்கும் வியாபாரி எடுத்துக்கொண்டார். இழந்த முதல் அறுவடையை இந்தப் போகத்தில் மீட்க முடியவில்லை. மூத்தவர் இரண்டு மாதம் பகுதிநேரமாக லோரி ஓட்டித்தான் கடனைச் சமாளித்தார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

படத்தைப் பார்த்து நோய்ப் பெயர் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் மூன்று கேள்வி கேட்கிறேன்: திட்டு பச்சைக் காயிலா பழுக்கிற காயிலா, நுனியிலா மற்ற இடத்திலா, கடந்த ஒரு மாதத்தில் உரத்திலோ தண்ணீரிலோ என்ன மாறியது. மூன்றாவது கேள்வியை அன்றே கேட்டிருந்தால் பீப்பாய் ஒழுகிய கதை அன்றே வெளிவந்திருக்கும். பத்து நாளும் 180 வெள்ளியும் மிஞ்சியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினோம்: பீப்பாய், அலசல், நீர் விடும் நேரம், காய் குறைப்பு. அதனால் எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வருமானம் நின்றுபோன வீட்டில் சோதனைக்காக ஒரு வரிசையை அப்படியே விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபது பைகளையாவது பழைய நீர் நேரத்தில் விட்டிருந்தால் அடுத்தவருக்குச் சொல்ல உறுதியான பதில் கிடைத்திருக்கும்.

அடுத்த போகத்துக்குத் தேங்காய்நார்த் தூளை முதலில் தண்ணீரிலும், பிறகு நீர்த்த கால்சியம் நைட்ரேட் கரைசலிலும் ஊறவைத்து வடித்துத்தான் நிரப்பினார்கள். நாற்றுத் தட்டுகள் தாழ்வாரத்துக்குப் போகவில்லை. மழை படாத, வெளிச்சம் புகும் தெளிந்த பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே இருக்கின்றன. பீப்பாய்களில் இளையவர் சிவப்புப் பெயிண்டால் 'ஏ', 'பி' என்று பெரிதாக எழுதி, இரண்டுக்கும் தனித்தனி வாளி கட்டிவைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை தொட்டி, வடிநீர் இரண்டின் ஈ.சி.யையும் நாள்காட்டியில் குறிக்கிறார்.

கடைசியாக நான் போனபோது, பம்புக்குத் தூரத்தில் உள்ள பன்னிரண்டாம் வரிசையின் கடைசி நான்கு பைகளில் மட்டும் இரண்டு காய்களுக்கு நுனியில் லேசாகத் திட்டு இருந்தது. அந்த முனையில் தண்ணீர் மெதுவாகச் சொட்டுகிறது. குழாயின் அளவை மாற்றுவதா, அந்த வரிசைக்குத் தனி வால்வு போடுவதா என்று அண்ணனும் தம்பியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.